காங்கேயம் ரோட்டில் சிரித்தது

அண்ணா,

காலையிலிருந்து மூன்று தடவை அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கி வந்து நிறுத்தியிருக்கிறார். மிதிக்கிறார், மிதிக்கிறார், கிளம்பவில்லை. பெட்ரோலும் ஆயிலும் கலந்து கருகும் வாசனை மட்டும் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் போய், "ஒரு பக்கமாச் சாச்சுப் புடிச்சு நிமித்துங்க, அப்புறம் மிதிங்க" என்று சொன்னேன். அவர் அப்படியே செய்தார். வண்டி கிளம்பிவிட்டது. "உங்களுக்கு எப்படிங்கம்மா இது தெரியும்?" என்று கேட்டார். அடுப்பைப் பற்ற வைக்க உள்ளே வந்துவிட்டேன். அப்போதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அந்த ஸ்கூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அறுபதுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி. சாம்பலில் பச்சை கலந்த நிறம், பின்னால் ஸ்டெப்னி சக்கரம். நம் வீதியில் இரண்டு பனியன் கம்பெனிகள் இருந்தன, நம்முடையதையும் சேர்த்து. இரண்டிலும் தையல் மிஷின்கள் நின்றுபோய், எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். அம்மா சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா மட்டும் நிட்டிங் மிஷினை விட்டு எழுந்து வரவில்லை.

அன்றைக்கு ஸ்கூட்டர் என்றால் டாக்டர் ஓட்டுவது, வக்கீல் ஓட்டுவது, பெரிய ஆபீசர் ஓட்டுவது. உழைக்கிற மனிதனுக்குச் சைக்கிள். அதற்கு மேல் வசதி வந்தால் மாட்டு வண்டிக்கு நல்ல காளையாக ஒரு ஜோடி வாங்குவார்கள். நூல்கடைக்காரர் நம் வாசலில் நின்று சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. "ஏனுங் தம்பி, நாற்காலில ஒக்காந்த மாதிரி காலைச் சேத்து வெச்சுட்டுப் போறீங்களே, ஆம்பள ஓட்டற வண்டியாங்க இது?" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "சிரிக்கட்டும் அம்மிணி. இந்த வண்டி இருந்தா சரக்கு விக்க இனி ஏஜெண்ட் எதுக்கு? காத்தால கெளம்புனா ஈரோடு, மத்தியானம் சேலம். கடை கடையா நானே சரக்கைக் காட்டிட்டு வந்துருவேன். ரெண்டு வருசத்துல தனியாக் கம்பெனி போட்டுருலாம்."

அப்படித்தான் தொடங்கினீர்கள். பனியன் சாம்பிள் கட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு, விடிந்ததும் கிளம்பிப் பொழுது சாய முகமெல்லாம் புழுதியோடு வருவீர்கள். வண்டியைத் துடைப்பது என் வேலை. துடைக்கத் துடைக்க எனக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவை, ஒரே தடவை, பின்னால் உட்கார்ந்து போக வேண்டும்.

"ஊர் வாய் சும்மா இருக்காது கண்ணு" என்று நீங்கள் ஒவ்வொரு தடவையும் சொன்னீர்கள். எனக்கு அப்போது காங்கேயத்தில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்த குடும்பம். பெண் பார்க்க வந்தபோது நீங்கள் சாம்பிளோடு மதராஸ் போயிருந்தீர்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் வந்தவர்களில் பெரியவர். என்னைப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உறுதி செய்வதுதான் பாக்கி.

அந்தக் கிருத்திகை நாளை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அம்மாவும் அத்தையும் நானும் பஸ்ஸில் சிவன்மலைக்குப் போவதாக ஏற்பாடு. நீங்கள் ஈரோட்டுக்குக் கிளம்பி, எங்களைப் பஸ் ஏற்றிவிட்டுப் போக வந்திருந்தீர்கள். பஸ்ஸில் கூட்டம்தான். அம்மாவும் அத்தையும் முன்னால் ஏறினார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "பின்னாடி ஒரு எடம் இருக்குது, வா கண்ணு" என்றார். நான் ஏறவில்லை. விசில் அடித்து பஸ் போய்விட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியோடு நின்ற உங்களிடம் ஓடி வந்து, "எடமே இல்லீங்கண்ணா. வண்டில கூட்டிட்டுப் போங்க, அம்மா அங்க தேடுவாங்க" என்றேன்.

பஸ் கண்ணுக்குத் தெரிகிறதா என்று நீங்கள் ரோட்டை எட்டிப் பார்த்தீர்கள். பிறகு சாம்பிள் கட்டை முன்னால் இழுத்து வைத்துவிட்டு, "சேலையை நல்லாச் சொருகிட்டு ஏறு" என்றீர்கள்.

அண்ணா, அந்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது? ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கை உங்கள் தோளில், ஒரு கை ஸ்டெப்னியில். ஊரைத் தாண்டியதும் காற்று வந்து மோதியது. காங்கேயம் காளைகள் பூட்டிய வண்டி ஒன்றை நாம் தாண்டியபோது அந்த வண்டிக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன். "என்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டு நீங்களும் சிரித்தீர்கள். ரோட்டோரம் ஒரு டீக்கடை வாசலில் நான்கைந்து பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் அவர் இன்னொரு பெரியவரோடு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். யாரோ ஒருத்தனோடு உங்கள் பெண் ஸ்கூட்டரில் போனாள் என்று தொடங்கினார். அப்பா பதறிப்போய் உங்களை அழைத்து முன்னால் நிறுத்தினார். "யாரோ இல்லீங்க, இவன்தானுங்க. என்ற பையன். கூடப் பொறந்தவனுங்க."

தாய்மாமன் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "அண்ணனாவே இருக்கட்டுமுங்க. நடுரோட்டுல ஸ்கூட்டர்ல ஒக்காந்து சிரிச்சுட்டுப் போற புள்ளை எங்கூட்டுக்கு ஒத்து வராதுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க." வைத்த மோரைக்கூட அவர்கள் தொடவில்லை.

அவர்கள் போனதும் அப்பா கேட்டார்: "பஸ்ஸுல போக வேண்டிய புள்ளையை வண்டில யாருடா ஏத்தச் சொன்னது?"

நீங்கள் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. "நாந்தானுங்கப்பா. அம்மிணி பஸ்ஸுலயே போறேன்னுதான் சொன்னா. நாந்தான் கூப்பிட்டேன்."

இரண்டு எட்டு வைத்திருந்தால் வெளியே வந்திருப்பேன். கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"அந்த வண்டி இனி இந்த வாசல்ல நிக்கக் கூடாது" என்றார் அப்பா. அவ்வளவுதான். நான்காம் நாள் பல்லடத்தில் ஒரு மாட்டு டாக்டருக்கு அதைக் கொடுத்துவிட்டு நீங்கள் பஸ்ஸில் திரும்பி வந்தீர்கள். மறுநாள் காலையில் சைக்கிள் கேரியரில் துணிக்கட்டை ஏற்றிக்கொண்டு ஆற்றோரம் சலவைப் பட்டறைக்குப் போனீர்கள். ஈரோடும் இல்லை, சேலமும் இல்லை. பழையபடி ஏஜெண்ட் வந்தார். தனிக் கம்பெனி என்ற பேச்சை அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

என்னைச் சாமளாபுரத்தில் தறிக்காரர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தீர்கள். நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை நீங்கள் சீர் கொண்டு வருவீர்கள். வரும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும் உங்களைத் தூரத்திலேயே பார்ப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். காபி போடுவேன். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவோம். போய்விடுவீர்கள்.

இதற்கிடையில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. எந்த நாளில் மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. பனியன் கம்பெனிகள் பெருகின. பாங்கிக்காரர் ஸ்கூட்டரில் போனார், வாத்தியார் போனார், அப்புறம் வாத்தியார் வீட்டம்மா பின்னால் உட்கார்ந்து போனாள். எழுபதுகளின் நடுவில் பார்த்தால், ஸ்கூட்டருக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். "ஏனுங், உங்களுக்கு வந்துருச்சுங்களா?" என்று கேட்டால் ஸ்கூட்டரைத்தான் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது. அன்று வாசலில் நின்று சிரித்த நூல்கடைக்காரரும் எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தார், தன் மாப்பிள்ளைக்குக் கொடுக்க.

அவர் மகள் கல்யாணத்துக்கு நாம் இருவரும் போயிருந்தோம். மாப்பிள்ளை யார் என்று மண்டபத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாய்மாமனின் கடைசிப் பையன். தாலி கட்டி முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, வாசலில் புது ஸ்கூட்டர் பூமாலை போட்டு நின்றது. மாப்பிள்ளை ஏறினான். மணப்பெண் தயங்கினாள். அந்தத் தாய்மாமனே முன்னால் வந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. குனிந்து, சக்கரத்தில் மாட்டாமல் அவள் சேலை ஓரத்தைத் தன் கையால் ஒதுக்கிவிட்டார். "பயப்படாதே கண்ணு, அவன் தோளை நல்லாப் புடிச்சுக்கோ" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள்.

உங்களைப் பார்த்தேன். நீங்கள் அந்த ஸ்கூட்டரின் கியர் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில் சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு பஸ்ஸுல எடம் இருந்துச்சுங்க. கண்டக்டர் கூப்பிட்டாருங்க. நாந்தான் ஏறலை. உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்லுவீர்கள் என்று நினைத்திருந்தேன். போகட்டும் விடு என்று சொல்லுவீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் நடுவீதியில் நின்றுவிட்டீர்கள். உங்கள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை.

"பொய் சொன்னது போகுது. பத்தொம்பது வயசுப் புள்ளை, ஆசைப்பட்டுட்ட. அப்பா கேட்டப்போ கதவுக்குப் பின்னாடிதான நின்ன? நான் அங்க ஒத்தையாளா நின்னேனே! ஆமாங்கப்பா, நானுந்தான் கேட்டேன்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சுங்கண்ணா."

"எனக்கு இல்லையா?" என்றீர்கள். "என்ற பொழப்பே அந்த வண்டிலதான் போச்சு."

என்னைப் பஸ் ஏற்றிவிடாமல் போனீர்கள். அந்த வருஷம் தீபாவளிச் சீர் அண்ணி கையில் வந்தது. பொங்கலுக்கும் அண்ணிதான். "உங்கண்ணனுக்கு என்னமோ ஆகிப்போச்சுங்க, ஊட்டுல யார்கிட்டயும் பேசறதில்லை" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. திரும்பவும் எதுவும் சொல்லவில்லை பாருங்கள்.

ஆவணியில் ஒரு காலை. தறிச் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. மாமியார்தான் கூப்பிட்டார், "உங்கண்ணன் வந்திருக்காரு பாரு." வாசலில் புது ஸ்கூட்டர், அதன் மேல் நீங்கள். அப்பா காலமான மறு மாதமே யாருக்கும் சொல்லாமல் எழுதி வைத்திருந்தீர்களாம். இறங்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "ஏறு" என்று மட்டும் சொன்னீர்கள். மாமியார் என்ன சொல்லப்போகிறாரோ என்று திரும்பினேன். "பாத்துப் போய்ட்டு வாங்க. வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வந்துரு" என்றார்.

மங்கலம் ரோட்டில் போனோம். எனக்கு முப்பது தாண்டியிருந்தது, உங்களுக்குக் காதோரம் நரை. காற்று அதே மாதிரிதான் வந்து மோதியது. சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. எதிரே ஒரு ஸ்கூட்டரில் முன்னால் ஒரு குழந்தை நிற்க, பின்னால் மனைவி மடியில் இன்னொன்று இருக்க ஒருவர் போனார். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் ஒதுங்கி வழி விட்டார், நம்மைப் பார்க்காமலே. தறி வீடுகளுக்கு வெளியே பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிரவில்லை.

மங்கலத்தில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினீர்கள். கடையில் பத்துப் பேராவது இருந்தார்கள். பேப்பர் படித்தார்கள், பருத்தி விலை பேசினார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தீர்கள்.

"ஒருத்தன், ஒரே ஒருத்தன் திரும்பிப் பாத்தானா அம்மிணி?" என்றீர்கள். "இதுக்கா அன்னிக்கு அத்தனையும்?"

டீ ஆறிப்போனது. நீங்கள் அதைக் கீழே ஊற்றிவிட்டு, வேறு இரண்டு டீ சொன்னீர்கள். அதற்குப் பிறகு சீரை நீங்களே கொண்டு வந்தீர்கள், ஸ்கூட்டரில்தான். அந்தப் பேச்சை நாம் இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய அன்றைக்கு வீடு நிறைய ஜனம். ஒரு கடுஞ்சொல் பேசாத மனிதன், யாரையும் நோகடிக்காத மனிதன் என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். அண்ணியும் அதையேதான் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். என்னிடம் நீங்கள் கோபப்பட்டிருக்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வீதியில், முகம் சிவந்து, பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்ததை என் ஒருத்தி முன்னால்தான் கொட்டினீர்கள். நீங்கள் விட்டுக்கொடுத்ததையெல்லாம் ஊர் எடுத்துக்கொண்டது. அந்தக் கோபம் நீங்கள் எனக்கு மட்டும் கொடுத்தது. அதை நான் யாருக்கும் தரவில்லை அண்ணா, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.