அவித்த சோளமும் ஏரிச் சேறும்

அன்பு மகள் பிரோஷ்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் கோழிகளும் சுகம். அங்கே டப்ளின் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை, அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு "அதச் சொல்லாத, அதச் சொல்லாத" என்று கையை ஆட்டுகிறார், அதனால்தான் கடிதம்.

போன ஆகஸ்டில் மீன்குழம்புப் போட்டி நின்றுபோனது உனக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. நம் ஊர் விதிப்படி ஏரித் தண்ணீரில்தானே குழம்பு வைக்க வேண்டும், அப்பா மொண்டு வந்த தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி இருந்தது. மிளகாய்த்தூள் போட்டால் சிவந்துவிடும் என்று இரண்டு கை அள்ளிப் போட்டார், சேற்று நிறம்தான் வந்தது. மேயரம்மா அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் குழியில் கொட்டச் சொன்னார், ஏரி தெளியும்வரை போட்டியே கிடையாது என்றும் சொல்லிவிட்டார். ஆறு முறை ஜெயித்த உன் அப்பா ஒரு வாரம் முகம் கழுவவில்லை.

பிறகு, எல்லாம் பக்கத்து வயல் வெண்டெல் செய்த வேலை என்று ஊரெல்லாம் சொன்னார். "தண்ணி ஓரம் வரைக்கும் உழுது உரத்தக் கொட்டினா ஏரி வேற எப்படி இருக்கும்?" அதை நிரூபிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிப் போட்டார். கிங்கா என்று ஒரு பெண் வந்தாள். உன்னைப்போலவே வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், பேச்சு தொண்டையை விட்டு வெளியே வராது. நீளக் குழாயை ஏரியடியில் இறக்கி, சேற்றை உருளையாக எடுத்து வந்து நம் தோட்டத்து மேசையில் கிடத்தினாள். அடியில் பழைய சேறு, சாம்பல் நிறம், அது ஏரி நன்றாக இருந்த காலம். அதற்கு மேலே கறுப்பு, கரையை உழ ஆரம்பித்தபின் அடித்து வந்த மண்ணும் உரமும். "பாத்தியா வெண்டெல்!" என்று அப்பா வேலிப் பக்கம் கத்தினார். அவள் முகம் சிவந்து, "மேல் அடுக்கையும் பாருங்க ஐயா" என்றாள். அதில் மஞ்சள் மஞ்சளாகச் சோளத் தோல். கெண்டை கூடட்டும் என்று அப்பா இருபது வருடமாகத் தினம் ஒரு வாளி அவித்த மக்காச்சோளம் கொட்டினாரே, அதேதான். இதுவும் வெண்டெல் வயல் சோளம்தான் என்று அப்பா சாதித்தார். வெண்டெல் வேலியில் சாய்ந்துகொண்டு, "யோவ், என் வயல்ல என்ன வெந்த சோளமா விளையுது?" என்று கேட்டார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

உள்ளே போனதையெல்லாம் சேறு பிடித்து வைத்துக்கொள்ளுமாம், கோடையில் அடித் தண்ணீரில் காற்று தீர்ந்ததும் பழைய உரத்தை மறுபடி மேலே விடுமாம், பாசிக்கு அதுதான் தீனியாம். இன்றே நிறுத்தினாலும் தெளியப் பத்து வருடம் ஆகலாம் என்றாள் கிங்கா. அப்பா விரல்விட்டு எண்ணினார், ஏரி தெளியும்போது அவருக்கு எழுபத்தெட்டு ஆகியிருக்கும். "கரண்டி பிடிக்கக் கை இருந்தா போதும்" என்று எழுந்து போய்விட்டார்.

வெண்டெல் கரையோரம் இருபது அடி உழாமல் விட்டிருக்கிறார். சோளம் இப்போது கோழிகளுக்கு, அவை நடக்க முடியாமல் நடக்கின்றன. தூண்டில் போட வழி வேண்டும் என்று வருடாவருடம் வெட்டும் நாணலை இந்த வசந்தத்தில் அப்பா தொடவில்லை, வயலிலிருந்து வரும் தண்ணீரை அது வடிகட்டுமாம். அது ஆளுயரம் வளர்ந்து நம் பெஞ்சிலிருந்து ஏரியே தெரிவதில்லை. ஆனாலும் மாலையானால் அப்பாவும் வெண்டெலும் அங்கேதான். நாணலுக்குள் சளக்கென்று கேட்டால் அப்பா "அஞ்சு கிலோ கெண்டை" என்பார், வெண்டெல் "தவளைய்யா" என்பார், சாப்பாடு ஆறும்வரை அதே சண்டை.

கடவுள் உன்னைக் கண்போல் காக்கட்டும், கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. ஜூலையில் வரும்போது அப்பாவிடம் ஏரி எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதே. இன்று என்ன மீன் துள்ளியது என்று கேள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
இலொனா