பதினாலு பாகை மேற்கே

ஜூன் 2, திங்கள்

வெக்கை. லாசால் வீட்டிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ. வழியெல்லாம் வீதி கிண்டி வைத்திருக்கிறார்கள். செய்ய வேண்டியவை: கல் வெட்டும் இயந்திரத்துக்கு நேரம் பதிய, மூன்றாம் அத்தியாயம் (மறுபடியும்), ஜான்-டலோன் சந்தையில் தக்காளி. ஒன்றும் நடக்கவில்லை.

ஆய்வுக் குழுக் கூட்டம். நிவேதா தன் வரைபடத்தைத் திரையில் போட்டாள். போன வருடம் ஏரியின் கிழக்குக் கரையில் அவள் அளந்த பாறைகள். மேற்குக் கரை என்னுடையது, மூன்று வருட வேலை. அவளுடைய படுகைகள் ஓடும் திசை என்னுடையவற்றோடு சேரவில்லை. ஆகவே ஏரிக்கு அடியில் பெரிய பிளவு ஒன்று இருக்கிறதாம். பே. (பேராசிரியர் என்று முழுதாக எழுத இன்று மனமில்லை) கதிரை நுனிக்கு வந்துவிட்டார். இதை ஏன் இவ்வளவு காலமும் ஒருவரும் பார்க்கவில்லை என்று கேட்டார். ஒருவரும் என்றால் நான்.

சென்னைக்காரி. வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் சிரித்தால் அறையே சிரிக்கிறது. மாதக் கடைசியில் வடக்குக்குப் போகும் சிறு விமானத்தில் ஒரு மாணவருக்குத்தான் இடம். என் கடைசி அத்தியாயத்துக்கு அங்கத்தைய கல் வேண்டும். எரிச்சலாக இருக்கிறது. எரிச்சல் இல்லை, பொறாமை.

ஜூன் 5, வியாழன்

இரவு மழை. நி. என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, சார் உங்க பக்கத்தையும் ஒரு தடவ செக் பண்ணச் சொல்லப் போறாரு. தப்பா எடுத்துக்காதீங்க."

"அதிலை என்ன. பாப்பம்."

தப்பாகத்தான் எடுத்தேன்.

போகும்போது தன் திசைகாட்டியை மேசையில் மறந்துவிட்டாள். சென்னையில் வாங்கியது. கையில் எடுத்துப் பார்த்தேன். முள் ஒரு பக்கம் சாய்ந்து உரசுகிறது. பக்கத்திலுள்ள, வடக்கைத் திருத்தும் திருகாணி பூச்சியத்தில்.

சென்னையில் பூச்சியத்தில் இருக்கலாம். யாழ்ப்பாணத்திலும்தான். அங்கே முள் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் கிட்டத்தட்ட ஒன்று, அந்தத் திருகாணியை யாரும் தொடுவதில்லை. இங்கே முள் பதினாலு பாகை மேற்கே தள்ளி நிற்கும். திருத்தாமல் அளந்தால் வரைபடம் முழுவதும் அவ்வளவு திரும்பிவிடும்.

பஸ்ஸில் தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்த மனிசி தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூன் 7, சனி

உடுப்புத் தோய்த்தேன். நி.யின் அளவுகள் எங்கள் பொதுக் கோப்புறையில் கிடக்கின்றன. கணினியில் எல்லாவற்றையும் பதினாலு பாகை திருப்பினேன். இரண்டு கரையும் நேர்கோட்டில் வந்தன. பிளவும் இல்லை, ஒன்றும் இல்லை.

திட்டம்: வாயைத் திறப்பதில்லை. வியாழன் அவள் மதிப்பீட்டுக் குழுவின் முன் பேசுகிறாள். அங்கே யாராவது திருகாணியைப் பற்றிக் கேட்பார்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். நினைக்க நினைக்க இனித்தது.

அண்ணை கதவடியில். அவர் வீட்டில்தான் என் அறை.

"என்ன தனியச் சிரிக்கிறாய்? படிப்பு முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணை. ஒரு பிழை கண்டுபிடிச்சனான்."

"உன்ரையோ?"

"வேறை ஆளின்ரை."

"அதுக்கோ இவ்வளவு சந்தோசம்?"

போய்விட்டார். தேத்தண்ணி ஆறிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

பே. கூப்பிட்டார். மேற்குக் கரையை நான் மறுபடி அளக்க வேண்டுமாம். மூன்றாம் அத்தியாயத்தைப் பிளவுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டுமாம். வாய் வரை வந்தது. அவரிடம் போட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நல்ல மனம் என்று இல்லை, போட்டுக்கொடுத்தவள் என்ற பெயர் வேண்டாம். நேரே நி.யிடம் போனேன்.

"உம்மட திசைகாட்டியிலை திருகாணி பூச்சியத்திலை நிக்குது. ஊரிலை அது காணும். இஞ்சை காணாது, பதினாலு பாகை திருப்ப வேணும்."

திருகாணியைக் குனிந்து பார்த்தாள். "ஐயோ. மொத்தமுமா அக்கா?"

"ஓம். மொத்தமும்."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே பே.யிடம் போய்த் தானே எல்லாம் சொல்லியிருக்கிறாள். அக்காதான் கண்டுபிடித்தார் என்றும் சொல்லியிருக்கிறாள். நடைவழியில் அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: தன் பிழையைத் தானே வந்து சொல்கிற மாணவரைத் தான் கண்டதே குறைவாம். வடக்குக்கு அவள்தான். நான் இருந்து எழுதி முடிக்க வேண்டுமாம். என் கல்லை அவள் கொண்டுவருவாளாம்.

எனக்கு ஒரு மெர்சி, பிரெஞ்சில் நன்றி.

கழிவறையில் போய் நின்றேன். முகம் கழுவினேன். நாளை தக்காளி வாங்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம், இடி. குழுவின் முன் நன்றாகப் பேசினாளாம். நான் போகவில்லை. பின்னேரம் வந்தாள்.

"அக்கா, என்னோடதுல முள்ளு சாயுது. உங்களோடத எடுத்துட்டுப் போகட்டுமா?"

கொடுக்க வேண்டியதாயிற்று. வடக்கே திருத்த வேண்டிய பாகை இன்னும் கூட. இடத்துக்குரிய அளவைத் தேடிப் பார்த்து, அவள் முன்னாலேயே திருகாணியைத் திருப்பினேன். இரண்டு பாகை கூட்டி வைத்தால் யாருக்குத் தெரியும். விரல் அதிலேயே நின்றது.

"உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு அக்கா."

கொடுத்தேன். கதவு வரை போய்விட்டாள். கூப்பிட்டு, திரும்ப வாங்கி, இன்னொரு தரம் பார்த்தேன்.

சரியாகத்தான் வைத்திருந்தேன்.