மாமியை முதலில் கூப்பிடு

குறிஞ்சிப்பிட்டி
11.08.2013

அன்பு மகள் மெரினாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் தம்பி வீட்டாரும் சுகம். அங்கே நீயும் மருமகன் சஜீவனும் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் எங்களைவிடச் சுகமாக இருக்கப் புனித அன்னம்மாளை மன்றாடுகிறேன். தலவிலையில் அவவுடைய கோயில் திருவிழாவுக்குப் போகிற வாகனங்களால் றோட்டைக் கடக்க முடியவில்லை. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, தைலம் பூசச் சொன்னால்தான் நோவு போய்விட்டது என்கிறார். உனக்குக் கால் வீங்குகிறது என்றாயே, அதிக நேரம் நிற்காதே. மார்கழியில் உன் பிள்ளைப்பேற்றுக்கு இத்தாலிக்கு நானா மாமியா வருவது என்ற விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சும்மா இருங்க அம்மா என்பாய். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது.

போன மாதம் நம் முதியோர் சங்கத்துக்குப் புத்த பன்சலையிலிருந்து ஒரு ஹாமுதுரு, காவி உடுத்த பிக்கு, வந்தார். சஜீவனைவிட இளமை, சிரித்த முகம். மனசுக்கு நிம்மதி தரும் தியானம் ஒன்று சொல்லித் தருகிறேன் என்றார். நம் கோயில் ஃபாதரிடம் கேட்டேன், போங்க டீச்சர், நல்லதா இருந்தா எனக்கும் வந்து சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார். ஹாமுதுருவுக்குத் தமிழ் வராது, நம் ஆட்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் மீன் விலை பேசுகிற அளவுக்குத்தான் வரும், ஆகவே அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு மொழிபெயர்க்க என்னை இருத்திவிட்டார்கள். தியானத்தின் பெயர் மைத்திரி. கண்ணை மூடி, நான் நலமாக இருக்கவேண்டும், பயமில்லாமல் இருக்கவேண்டும் என்று முதலில் தனக்கே நினைக்கவேண்டும். பிறகு பிரியமான ஒருவருக்கு, பிறகு தெருவில் கண்டு பழகிய யாரோ ஒருவருக்கு, கடைசியில் நம்மோடு ஒத்துப்போகாத ஒருவருக்கு. தனக்கே முதலில் நினைப்பது சுயநலம் இல்லையா என்று அப்பா கேட்டார். வெங்காயத் தோட்டத்தில் கிணற்றடிப் பாத்தி நனையாமல் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகுமா என்று நான் உதாரணம் சொன்னேன். அதைச் சிங்களத்தில் கேட்ட ஹாமுதுரு, இனி எல்லா ஊரிலும் இதையே சொல்லப்போகிறேன் என்றார்.

கடைசிப் படி வந்தது. இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒருவரை நினையுங்கள் என்று தமிழில் சொல்லவேண்டியது நான். சொல்லிவிட்டு நிமிர்ந்தால், எல்லாரும் கண்ணை இறுக்கி மூடியிருக்க, முன்வரிசையில் ஓராள் மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. உன் மாமி, சஜீவனைப் பெற்ற அனஸ்தாசியா. என்ன செய்வது, நானும் அந்த நேரம் அவவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேக் போதாமல் போன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு, பூசைக்குப் போறீங்களா என்பதோடு சரி.

தேத்தண்ணி குடிக்கும்போது அவ நேரே என்னிடம் வந்து, மறைக்க ஏலாது டீச்சர், உங்களத்தான் நெனச்சேன் என்றா. நானும் உங்களத்தான் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அப்பாவின் தேத்தண்ணி சட்டையில் ஊற்றுப்பட்டது. அவவும் சிரித்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, நல்லா இருக்கட்டும், நோயில்லாம இருக்கட்டும் எண்டு எல்லாம் சொல்லிட்டேன் டீச்சர், இத்தாலிக்குப் போகட்டும் எண்டு மட்டும் வாய் வரல்ல என்றா. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நானும் அவவுக்கு எல்லாம் வேண்டினேன், அதை மட்டும் வேண்டவில்லை.

அடுத்த வாரம் ஹாமுதுரு முதிதா என்று ஒன்றைச் சொன்னார். பிறருடைய சந்தோஷத்தில் தானும் சந்தோஷப்படுவது. நான் விளங்கிக்கொண்ட விதம் இதுதான். பரிசு பெற்றவர்களின் பெயர் வாசிக்கும்போது தன் பெயருக்கு மட்டும் காத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு சந்தோஷம்தான் கிடைக்கும், அதுவும் கிடைத்தால். எல்லார் பெயருக்கும் கை தட்டுகிற பிள்ளைக்கு எத்தனை பெயரோ அத்தனை சந்தோஷம். இதை நான் மாமிக்கு விளங்கப்படுத்தக்கூட இல்லை மகள். ரெண்டு நாள் கழித்து ஒரு பார்சலோடு வீட்டுக்கு வந்து நின்றா. உனக்குப் பால் சுரக்கக் காயவைத்த பால்சுறா, தானே வறுத்து இடித்த சரக்குத்தூள், பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி. போகேக்க கொண்டு போங்க டீச்சர், இப்பதான் வாய் வந்தது, நல்லபடியா போயிட்டு வாங்க என்றா. நான் உதாரணம் சொல்லிக்கொண்டிருக்க, அவ செய்தே காட்டிவிட்டா.

அந்தப் பார்சல் அலுமாரியில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் சுறா மணக்கிறது, அப்பா மூக்கைப் பொத்துகிறார். அதைச் செய்த கையே அதைக் கொண்டு வரவேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஒருவரைத்தான் கூப்பிட முடியும் என்றாய், மாமி வந்தால் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கே வரமாட்டேன் என்றும் சொன்னாய். ஆனால் யோசித்துப் பார். தம்பியின் பொடியன்மார் ரெண்டு பேரும் என் மடிக்கு நாள் முழுக்கச் சண்டை பிடிக்கிறார்கள். அவவுக்கு இருப்பது சஜீவன் ஒருவன், அவனைக் கண்டும் எத்தனையோ வருஷம். எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளையின் தலையை மோந்து பார்க்க ஆசைப்பட்டு ஒரு நாள் முழுக்க அழுதேன். ஆனால் அவ உன் வாசலில் வந்து இறங்குவதை நினைத்துப் பார்க்கும்போது எனக்குத் தானாகச் சிரிப்பு வருகிறது, அது பொய்ச் சிரிப்பு இல்லை. குறை சொல்வா, அது உண்மை. சமையலை அவவிடம் விட்டுவிடு, குறை பாதியாகும். நான் அடுத்த பிள்ளைக்கு வருகிறேன், அதற்கும் இப்போதே மன்றாடத் தொடங்கிவிட்டேன்.

இதையெல்லாம் நான் மாமியிடம் சொல்லவில்லை. மனசு வந்தால் நீயே கூப்பிடு, வராவிட்டால் உன்னைக் குறை நினைக்கமாட்டேன். சஜீவனிடமும் நீயே யோசித்ததாகச் சொல்.

உனக்கும் சஜீவனுக்கும் பிறக்கப்போகும் செல்வத்துக்கும் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். இரும்புச்சத்துக் குளிசையை மறக்காதே. மாமிக்குப் போன் எடுப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு எடு, வீட்டில் இருப்பா. எடுத்தாயா என்று எனக்கு அறிவிக்கத் தேவையில்லை. நாலு வளவு தள்ளி இருந்தாலும் அவ சந்தோஷத்தில் போடுகிற சத்தம் இங்கே கேட்கும். கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு இருப்பேன்.

என்றும் உன் அன்பு அம்மா,
மக்தலேனா