பின்னால் வரும் பேருந்து

இன்று காலை செங்கல்பட்டில் அலுவலகப் பேருந்தில் ஏறியதும், பழக்கதோஷம், ஜன்னலோர இருக்கையில் கைக்குட்டையைப் போட்டுவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண், "சார், ஆள் வராங்களா?" என்றாள். "வராங்கம்மா." நீ போய் எட்டு மாதமாகிறது. எனக்குப் பொய் புதிதல்ல. ஆனால் இது பொய் மாதிரியே இல்லை.

அங்கே உட்கார்ந்துதான் திருக்கழுக்குன்றம் வரை பிரபஞ்சப் பாடம் நடத்துவாய். "கேலக்சி ஓரத்து நட்சத்திரம் சுத்துற வேகத்துக்கு பிச்சிக்கினு போயிருக்கணும் மச்சான். போகல. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு புடிச்சிக்கினு கீது. அதான் கரும்பொருள்."

"அது புடிக்குதுன்னா, தள்றது எது?"

"அது கரும் ஆற்றல். கேலக்சிங்க வெலகுற வேகம் ஏறிக்கினே கீது. இன்னா தள்ளுதுன்னு எவனுக்கும் தெரியாது. பேரு மட்டும் வெச்சிகீறோம்."

"விஞ்ஞானிங்க நீங்க தெரியாததுக்குப் பேரு வெச்சா சம்பளம். நான் ஒரு ஃபைலைத் தொலைச்சா மெமோ!"

பேருந்தே சிரிக்கும். நீதான் அதிகம் சிரிப்பாய். அந்தத் தைரியத்தில் அலுவலக மனமகிழ் மன்ற மலரில் எழுதினேன்: 'எங்கள் விஞ்ஞானி வீட்டிலும் கரும்பொருளே. ஆளைப் பார்க்க முடியாது. பாரம் மட்டும் மனைவிக்குத் தெரியும்.'

மலர் வந்த மறுநாள் நீ பின்னால் வரும் இரண்டாவது பேருந்தில் ஏறினாய். கேன்டீனில் மடக்கிக் கேட்டேன்: "இன்னா மச்சான், கோவமா?"

"சேச்சே. அந்த வண்டியில காத்து நல்லா வருது."

அதன்பின் தினமும் பின்கண்ணாடி வழியே உன் பேருந்தைப் பார்ப்பேன். முதலில் ஒட்டி வந்தது. பிறகு ஒரு வளைவு பின்தங்கியது. மாமல்லபுரம் சாலைக்கு வரும்போது காணவே காணாது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நான்கு மாதம் ஓட்டினேன். ஒரு திங்கட்கிழமை உன் இதயம் நின்றுவிட்டது.

துக்கம் விசாரிக்க நான் உன் வீட்டுக்கு வந்தபோது உன் மனைவி சொன்னார்: "நீங்க எழுதின மலர் வந்தப்போ நான் கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிருந்தேண்ணா. அந்தப் புக்கை அனுப்பி, 'பாரு, ஊருக்கே தெரிஞ்சிபோச்சி'ன்னு எழுதியிருந்தாரு."

கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. குடிக்கவில்லை.

அலுவலகத்தில் எவன் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எனக்குத் தெரியும் என்று இருபது வருடம் பீற்றிக்கொண்டவன் நான். உன் வீட்டு விஷயம் மட்டும் என் காதுக்கு வரவில்லை. 'சத்தியமா எனக்குத் தெரியாதுடா.' நீ இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாய். சொல்லிப் பார்க்கவாவது நீ வேண்டும். அதைத்தான் வாயில் அடக்கிக்கொண்டு திரிகிறேன்.