பழைய கணக்கை மூடும் முன்

10 செப்டம்பர் 2009, வியாழன்

அறக்கட்டளையின் ஆவணங்கள் எல்லாம் இணையத்தில் புதிய கணக்குக்கு மாறிவிட்டன. நாளை மாலை பழைய கணக்கை மூடுகிறார்கள். மாற்றிக் கொடுக்க சிறுசேரியிலிருந்து வந்த பிரபு, "எல்லா லிங்க்கும் தொறக்குது மேடம், நானே பாத்துட்டேன்" என்றான். அவன் கணினியில் பழைய கணக்கும் திறந்தே இருந்தது. அதிலிருந்து வெளியேறிவிட்டு அழுத்தச் சொன்னேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லா லிங்க்கும் இன்னும் பழைய பிரதிக்குத்தான் போகிறது.

உடனே கடப்பாக்கத்தில் எங்கள் கிளினிக் நர்ஸ் செல்விக்குப் போன் செய்தேன். பாம்புக்கடி மருந்தின் அளவை அவள் அந்த லிங்க்குகளில் ஒன்றில்தான் பார்ப்பாள்.

"அனுமதி இல்லேன்னு வருது மேடம். காலைலேர்ந்து இதே பேஜாரு. கடிபட்டு யார்னா வந்தா, உங்களுக்குப் போன் போட்டுகினு நிக்கறதா நானு?"

மூடுவதை ஒரு வாரம் தள்ளிப்போடும்படி செயலாளரிடம் கேட்டேன்.

"பிரபுவே சரின்னுட்டான். நீங்க எதைத்தாம்மா நம்புவீங்க?" என்று சிரித்தார்.

என் இடத்துக்கு வந்து, பழைய கணக்கில் நுழைந்து, மாற்றும்போது எடுபட்டுப்போன அனுமதியைச் செல்விக்கு மறுபடி கொடுத்தேன். மருந்துத் தாள் திறந்துவிட்டது என்றாள். பிறகு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினேன். இனி என்னைக் கேட்காமல் யாரும் அதை மூட முடியாது.

நாளை செயலாளர் பாஸ்வேர்டைக் கேட்பார். புதிய லிங்க்குகளைச் செல்வி திறந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கொடுக்க மாட்டேன். இங்கே எழுதுவது சுலபம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.