மீக்கடத்தியும் அயனியும் வெள்ளைப் பூவும்

ஸ்ரீரங்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள மதிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். உன் சௌக்கியத்தை நேற்று வீடியோவில் பார்த்தாயிற்று, கன்னம் மட்டும் கொஞ்சம் வற்றியிருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுகிறாய் என்று தெரிகிறது. போனிலேயே பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் லேசர் என்று ஆரம்பித்தால் அவர் அங்கே புளி கிடைக்கிறதா என்று முடிக்கிறார். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. காவிரியில் தண்ணீர் போகிறது, அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பஸ் ஸ்டாண்டு பஞ்சப்பூருக்குப் போனதிலிருந்து வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதல் அரை மணி நேரம் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஜீயபுரம் சித்தி ஒரு தார் பூவன் அனுப்பினாள், நாங்கள் இரண்டு பேர் எத்தனை தின்பது, தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவர்தான் கட்டுக்குள் இல்லை, அந்தப் பழத்தில் எனக்குத் தெரியாமல் தின்றது எனக்குத் தெரியும்.

இனி நீ கேட்ட விஷயம். நீ இப்போது இருக்கிற இன்ஸ்ப்ரூக்கில் உன் வேலை டிசம்பரோடு முடிகிறது. பெங்களூரில், கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீக்கடத்தி வழியில் குவாண்டம் கணினி கட்டுகிறவர்கள் நிரந்தர வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவில் ஒரு ஆய்வுக்கூடம், நீ இத்தனை வருஷம் செய்துவந்த அதே வழிக்கு, மின்னூட்டமுள்ள ஒற்றை அணுக்களைப் பிடித்து வைக்கிற அயனி வழிக்குக் கூப்பிடுகிறது, இரண்டு வருஷ ஒப்பந்தம், அதற்கப்புறம் என்ன என்று அவர்களும் சொல்லவில்லை. "வீட்டு விஷயத்த ஓரமா வச்சிட்டு, எந்த வழி தேறும்னு மட்டும் சொல்லும்மா" என்றாய். ரிடையர் ஆகும்வரை பெண்கள் காலேஜில் பிசிக்ஸ் நடத்தினவளிடம் கேட்கத் தக்க கேள்விதான். நான் நடத்தின பாடத்தில் இது கிடையாது, ஆனாலும் ஒரு மாதமாக நீ அனுப்பின கட்டுரைகளையெல்லாம் மூக்குக் கண்ணாடி தேயப் படித்தேன். சில பக்கம் புரியவில்லை. புரிந்த வரைக்கும் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து, சிரிக்காதே.

முதலில் மற்ற வழிகளை ஒதுக்கிவிடுகிறேன். ஒளியைக் கொண்டு செய்கிறவர்களுக்கு அவ்வளவு பெரிய குளிர்ப்பெட்டி வேண்டாம், கண்ணாடி நாரிழையில் ஓடிவிடும், ஆனால் ஒளி வழியிலேயே காணாமல் போகிறது, இரண்டு ஃபோட்டான்களை ஒன்றோடொன்று பேச வைப்பதற்குள் பாதிக்கு மேல் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருக்கிறது. புதிய வகைத் துகளைப் பிடித்து அதிலேயே பிழை வராமல் செய்துவிடலாம் என்கிறவர்கள், அந்தத் துகளைப் பிடித்தார்களா இல்லையா என்ற சண்டையையே இன்னும் முடிக்கவில்லை. மின்னூட்டம் இல்லாத அணுக்களை ஒளியால் இடுக்கிப் பிடிக்கிறவர்கள்தான் எனக்கு ஆச்சரியம், நேற்று வந்தவர்கள், ஆயிரக்கணக்கில் அணுக்களை அடுக்கிவிட்டார்கள். ஆனால் உனக்கு வந்த வேலை அதில் இல்லை, அதனால் அதையும் விட்டுவிடுகிறேன்.

பெங்களூர்க்காரர்களின் மீக்கடத்திக்கு முதல் பலம் வேகம். ஒரு கணக்குப் படியை ஒரு நொடியின் கோடியில் சில பங்கு நேரத்தில் முடித்துவிடுகிறது, உன் அயனிகள் அதே படிக்கு ஆயிரம் மடங்கு நேரம் எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது, சிப் செய்கிற தொழில் உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த தொழில், ஆளும் கருவியும் கிடைக்கும். குறைகளைச் சொல்கிறேன். கணக்கைத் தாங்குகிற துண்டான க்யூபிட் ஒவ்வொன்றும் மனிதன் செய்தது, ஒரே அச்சில் பிழிந்த முறுக்கு மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று, கையில் எடுத்தால் வேறு வேறு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சுருதி சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அண்டை வீட்டோடு மட்டும்தான் பேசும். விண்வெளியைவிடக் குளிரான பெட்டிக்குள் வைக்க வேண்டும், எண்ணிக்கை கூடக் கூட அதற்குள் போகிற கம்பிகளும் கூடுகின்றன, கம்பியோடு வெப்பமும் போகிறது. அப்படி வைத்தும் தன் நிலையை ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்குத்தான் நினைவில் வைத்திருக்கிறது, வேகம் இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை.

உன் அயனிகள் நேர் எதிர். கால்சியம் அணு ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும், செய்து பார்த்துத் திருத்த வேண்டியதில்லை. நினைவு நொடிக்கணக்கில், சில இடங்களில் நிமிஷக்கணக்கில் நிற்கிறது. ஒரே வரிசையில் நிற்கிற யாரும் யாரோடும் பேசலாம். செய்கிற படியில் பிழையும் குறைவு. ஆனால் மெதுவு. ஒரு வரிசையில் சில பத்துக்கு மேல் நிறுத்தினால் அடங்காமல் ஆடுகின்றன, பிறகு அவற்றை அறை அறையாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும், அதற்கே பாதி நேரம். ஆளுக்கு ஒரு லேசர் என்று வைத்தால் மேஜை முழுவதும் கண்ணாடியும் லென்ஸும்தான். இதையெல்லாம் உன்னிடம் சொல்வது வெட்கமாக இருக்கிறது, நீ அதைத் துடைத்துத் துடைத்தே கை காய்த்தவள்.

இரண்டிலும் பிழை திருத்தாமல் பெரிய கணக்கு எதுவும் நடக்காது, நம்பத் தகுந்த ஒரு க்யூபிட்டுக்கு நூற்றுக்கணக்கில் சாதாரண க்யூபிட் காவல் நிற்க வேண்டும் என்கிறார்கள். காவலுக்கு ஆளை அதிகமாகச் சேர்க்கக்கூடியது மீக்கடத்தி, குறைந்த காவலோடு சமாளிக்கக்கூடியது அயனி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு மீக்கடத்தியே முந்தும், பெங்களூருக்கு வா என்று போன செவ்வாய்க்கிழமையே ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். காரணங்கள் ஒன்றொன்றாக அழகாக விழுந்திருந்தன. அந்த அழகுதான் எனக்குச் சந்தேகம் கொடுத்தது.

லேபில் முதல் வருஷப் பெண்கள் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் கம்பியை வைத்துவிடுவார்கள். நான் விட மாட்டேன். நடுவில் ஒன்றும் வைக்காமல் மூடு, எவ்வளவு காட்டுகிறது பார், அதைக் குறித்துக்கொள், பிறகு எதை அளந்தாலும் அதைக் கழி என்பேன். சுழிப்பிழை. கருவி கெட்டது என்று அர்த்தமில்லை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். இந்த ஒரு மாதமும் நான் என்னை அப்படி மூடிப் பார்க்கவே இல்லை. அதனால் ஊரை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மீக்கடத்தி கொலராடோவில், அயனி பெங்களூரில் என்று வைத்துக்கொண்டு அதே கட்டுரைகளை மறுபடி புரட்டினேன். காபி ஆறுவதற்குள் அயனிதான் தேறும் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. பிழை குறைவு, நினைவு அதிகம், மெதுவாக இருந்தால் என்ன என்று எனக்கே பாடம் நடத்தினேன். இதற்கு மேல் என்ன அளவு வேண்டும், நான் மீக்கடத்தியையும் அயனியையும் அளக்கவில்லை, திருச்சியிலிருந்து எத்தனை மணி நேரம் என்று அளந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆகவே கழித்த பிறகு மிஞ்சியதைச் சொல்கிறேன். எது முந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. பிடிவாதமாகச் சொல்கிறவர்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் ஒரு பெங்களூர் இருக்கும். பத்து வருஷம் கழித்து இரண்டுமே நிற்கலாம், இரண்டும் இல்லாமல் அந்த ஒளி இடுக்கிக்காரர்கள் கொண்டு போகலாம். உன் கேள்விக்கு பிசிக்ஸில் இப்போது பதில் இல்லை. எனக்கு நீ பக்கத்தில் வேண்டும், ராத்திரி ரயில் ஏறினால் காலையில் வந்து நிற்க வேண்டும், அது ஆசை, அதைப் பதில் என்று தர மாட்டேன்.

இந்த இடத்தோடு கடிதத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். நடுவில் அப்பா ஒரு காரியம் செய்திருக்கிறார். உனக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர், உனக்கு அறிவுமதி என்று பேர் வைத்ததே எங்கள் வீட்டு ரங்கன் பேர்களுக்குப் போட்டியாகத்தான். அவர் வெள்ளிக்கிழமை நம் தெரு பாலுவின் ஆட்டோவில் உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். அங்கே எல்லோரும் வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டிவிட்டு வருவார்கள், இவருக்கு அதுவரை பொறுமை இல்லை, பூ கேட்டிருக்கிறார். சிவப்பு அரளியும் வெள்ளை நந்தியாவட்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து, வந்திருந்த ஒரு குழந்தையை ஒன்று எடுக்கச் சொன்னாராம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார், வெள்ளை வந்தது, வெள்ளை கொலராடோவுக்கு வைத்தது, அம்மனே தூரம் போகச் சொல்லிவிட்டாள், இனிமேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று. எனக்குப் பூவில் நம்பிக்கை இல்லை, ஆனால் உன்னை வா வா என்று ஒரு வருஷமாக அரித்த மனிதர் இதோடு அடங்கினாரே என்று சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் நான் சாத்தார வீதியில் காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போது பாலு ஆட்டோவை நிறுத்தி, டீச்சரம்மா, பாப்பா பக்கத்துலயே வந்துடும், வெள்ளப் பூ வந்துடுச்சுல்ல என்று சந்தோஷப்பட்டான். நான் இல்லையே, வெள்ளை அமெரிக்காவுக்கு அல்லவா என்றேன். பாலு அடித்துச் சொல்கிறான், ஐயா சத்தமாத்தான் வேண்டினாரு, வெள்ள வந்தா பெங்களூரு, செவப்பு வந்தா அமெரிக்கான்னு, நான் பக்கத்துலதான் நின்னேன், குழந்தை வெள்ளைய எடுத்ததும் கண்ண மூடிட்டு ரொம்ப நேரம் நின்னாரு என்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். முதலில் பாலுவுக்குக் காது சரியில்லை என்றார். பிறகு டிவியை நிறுத்தினார். நீ ஒரு தடவை ஆய்வுக்கூடத்திலிருந்து போன் செய்து, இருட்டுத் திரையில் வரிசையாக மின்னுகிற புள்ளிகளைக் காட்டி, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு அணுப்பா, கேமராவுல பாக்கலாம்ப்பா என்றாயே, அதைச் சொன்னார். பெங்களூர் வேலையைப் பற்றி நீ பேசும்போதெல்லாம் வீட்டு வாடகை, லீவு, ரயில் இவற்றைத்தான் பேசுகிறாய் என்பதும் அவருக்கு உறைத்திருக்கிறது. நான் கட்டுரைகளில் தேடியபோது அவர் உன்னைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அந்தப் புள்ளிய காட்டுறப்ப அவ மூஞ்சிய நான் பாத்தேன். அம்மன் பாக்கல" என்றார்.

உன்னிடம் சொல்லாதே என்றார். நான் பதில் சொல்லாமல் காயை நறுக்கப் போனேன், அதனால் வாக்கு எதுவும் தவறவில்லை. இதைச் சொன்னால் நீ மனசு இளகி இங்கேயே வந்துவிடுவாயோ என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அப்படி வந்தால் அவர் பூவை மாற்றிச் சொன்னது வீணாகப் போகும். ஆனால் மறைக்கவும் மனசு வரவில்லை, உன்மேல் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறார் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்கு அழுகையே வராது என்பாய், வந்தது, வெங்காயமும் இருந்தது.

போ. அயனி வழி தோற்றாலும் போ, நீ கற்றதை யாரும் பிடுங்க முடியாது. கொலராடோவில் காற்று வறண்டது என்று படித்தேன், உதட்டுக்கும் பாதத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள், தண்ணீர் நிறையக் குடி, கிளம்புவதற்கு முன்னால் பல்லைப் பார்த்துக்கொள், அங்கே பல் வைத்தியத்துக்குச் சொத்தையே எழுதி வாங்கிவிடுவார்கள். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போக முடியுமா என்று பார். ரங்கனும் தாயாரும் வெக்காளியம்மனும் எந்த ஊரிலும் உன் கூடவே இருக்கட்டும், நீண்ட ஆயுளோடும் பிடித்த வேலையோடும் நன்றாக இரு.

ஒன்றை மறக்காதே. அப்பாவிடம் முடிவைச் சொல்லும்போது, அம்மன் சொன்னபடியே போறேன்ப்பா என்று சொல். அவர் சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டுவார். நான் வாங்க மாட்டேன். நீயும் வைத்துவிடாதே, அவரோடு பேசிக்கொண்டிரு.

உன் அம்மா,
ரங்கநாயகி