பஸ்ஸுக்கு நின்றபோது பேசியது

மாரமங்கலம்
12.6.2024

அன்பு மாதேசு,

போனில் உன் பேச்சு என் காதில் சரியாக விழுவதில்லை, அதனால் எழுதுகிறேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நீ கொடுத்த வாக்கை வீட்டில் சொன்னேன். எல்லாருக்கும் மகிழ்ச்சி. உன் பேத்தி சௌமியாவுக்கும் என் பேரன் சதீஷுக்கும் ஆவணியில் முகூர்த்தம் பார்த்தாயிற்று. பங்காளிகளுக்கும் சொல்லிவிட்டேன். நீ ஏன் இன்னும் வாயே திறக்கவில்லை, சோம்பேறி? சௌமியாவைப் பிடித்து உட்கார வைத்து நாலு வரி எழுதச் சொல்.

உன் கூட்டாளி
ஆறுமுகம்

செம்மநத்தம்
17.6.2024

அன்பு ஆறுமுகத்துக்கு,

நான் சொல்லச் சொல்ல சௌமியாதான் எழுதுகிறாள். உன் கடிதத்தைப் பாதி வாசித்ததும் நிறுத்திவிட்டு, "ஏனுங்க தாத்தா, என்னைக் கேக்காம என்னத்தப் பேசிட்டு வந்தீங்க?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான்.

அன்று பேசியது ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. மழை, பஸ்ஸைக் காணோம். மிளகுக்கொடி வாடுவதில் ஆரம்பித்தோம். உன் மருமகளின் உப்பில்லாத ரசம் வந்தது. கொட்டச்சேட்டில் கலியாணப் பந்தலுக்குள் காட்டெருமை புகுந்த கதை வந்தது. கலியாணம் என்றதும் நான், "நம்ம பேரனையும் பேத்தியையும் ஒரே ஊட்டுல சேத்துட்டா நாம சண்டை போட நொம்ப வசதிடா" என்றேன். நீ சிரித்தாய். உன் வெற்றிலைப் பை நனைந்திருந்தது, என்னுடையதை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய். குளிரில் கை நடுங்குகிறது என்று நினைத்தேன்.

வெற்றிலை கைமாறினால் வாக்கு என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பேச்சுக்கு என்ன பேர்? அரட்டையா, வளவளப்பா, வெறும் ஊர்ப்பழமையா? சௌமியா 'மொக்கை' என்கிறாள். அவளுக்கு இந்தக் கலியாணத்தில் இஷ்டமில்லை. எனக்குத் தலை சுற்றுகிறது.

இப்படிக்கு
மாதேஸ்வரன் (கைநாட்டு)

மாரமங்கலம்
21.6.2024

மாதேசு,

பேர் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள். நாம் எப்போது வேறு மாதிரிப் பேசியிருக்கிறோம்? என் மகள் புஷ்பலதாவுக்கு மாப்பிள்ளை பேசப் போனபோதும் நீ இப்படி இளித்துக்கொண்டேதான் முடித்துவைத்தாய். அது மட்டும் எப்படி வாக்கானது? பங்காளிகள் முன்னால் நான் எப்படி நிற்பேன்?

ஆறுமுகம்

செம்மநத்தம்
2.7.2024

அன்பு ஆறுமுகத்துக்கு,

நீ சொல்வது நிஜம். அந்தப் பேச்சுக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனாலும் பிள்ளையின் மனசுக்கு மேல் நான் போக மாட்டேன். மாதேசு வாக்குத் தவறினான் என்றே பங்காளிகளிடம் சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உன்னைப் பார்த்ததும் கால்வலியோடு ஓடி வந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. நீ துண்டைச் சரிசெய்துகொண்டு, "நல்லா இருக்கீங்களா?" என்றாய். மரியாதையாகத்தான் கேட்டாய். யாரைக் கேட்கிறாய் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

"இருக்கறனுங்க" என்றேன்.



மாதேஸ்வரன் (கைநாட்டு)